கூர்ப்புப் பாடமும் சமய நம்பிக்கையும்: வன்னியில் ஆசிரியரும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

வன்னியில் ஒரே வாங்கில் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் வேறு கிறிஸ்தவ சபைக்குப் போகும் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் இருக்கலாம். முதலாம் பாடவேளையில் சமயம், மூன்றாம் பாடவேளையில் விஞ்ஞானம். உயர்தர உயிரியலில் கூர்ப்பு அலகு வரும்போதும், அதற்கு முன்பே சாதாரண தரத்தில் தலைமுறையுரிமையும் உயிரினப் பாகுபாடும் வரும்போதும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம். தமிழ்நாட்டு நூல்கள் ‘பரிணாமம்’ என்பதைத்தான் இலங்கைப் பாடநூல்கள் ‘கூர்ப்பு’ என்கின்றன.

கூர்ப்பைப் படித்தால் கடவுள் இல்லை என்று படித்ததாகுமா?

இல்லை. உயிரினக் கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறின, இன்றுள்ள இனங்கள் எந்தெந்தப் பொது மூதாதையிலிருந்து பிரிந்தன என்பதுதான் பாடம். உலகம் ஏன் இருக்கிறது, ஆன்மா உண்டா, இறந்தபின் என்ன ஆகும் என்பவற்றை விஞ்ஞானத்தின் அளவுகோலால் அளக்க முடியாது. அங்கே விஞ்ஞானம் ‘ஆம்’ என்றும் சொல்வதில்லை, ‘இல்லை’ என்றும் சொல்வதில்லை.

தலைமுறையுரிமையின் விதிகளைப் பட்டாணிச் செடிகளில் கண்டு 1866இல் வெளியிட்ட கிரகர் மெண்டல் ஒரு துறவி. மெண்டலின் விதிகளையும் டார்வினின் இயற்கைத் தேர்வையும் இணைத்தவர்களில் முக்கியமான தியோடோசியஸ் டொப்சான்ஸ்கி கிறிஸ்தவர். கூர்ப்பின் ஒளியில் பார்த்தால்தான் உயிரியலில் எதுவும் பொருள்படும் என்று 1973இல் எழுதியவர் அவர்தான்.

‘டார்வின் கொள்கை’ என்றுதானே சொல்கிறோம்? அப்படியானால் அது அவருடைய கருத்துத்தானே?

பாதிக் குழப்பம் இந்தச் சொல்லில் இருக்கிறது. அன்றாடத் தமிழில் கொள்கை என்றால் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும் நிலைப்பாடு: கட்சிக் கொள்கை, ‘அது என்ர கொள்கை’. பிள்ளை அந்தக் காதோடுதான் ‘டார்வின் கொள்கை’யைக் கேட்கிறது. விஞ்ஞானத்தில் இச்சொல் வேறு இடத்தில் நிற்கிறது. ஏராளமான அவதானங்களை ஒன்றாகக் கட்டி விளக்கி, புதிய அவதானங்களை முன்கூட்டிச் சொல்லி, சோதனைக்கு நின்று பிடித்த விளக்கமே அங்கே கொள்கை. சோதிக்கப்படாத ஊகத்துக்குக் கருதுகோள் என்ற தனிப்பெயர் உண்டு. நோய்கள் நுண்ணங்கிகளால் வருகின்றன என்பதும் இந்த அளவில் ஒரு கொள்கைதான்.

‘கூர்ப்பு’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. கூர்மையாதல் என்று கேட்பதால், உயிர்கள் வரவரச் சிறந்து மனிதனில் வந்து முடிந்தன என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ‘பரிணாம வளர்ச்சி’ என்பதிலும் அதே சிக்கல் இருக்கிறது. குடலில் வாழும் நாடாப்புழு தன் சமிபாட்டுத் தொகுதியை இழந்திருக்கிறது, அதுவும் கூர்ப்புத்தான்.

மூன்றாவது, ‘தக்கன பிழைத்தல்’. இதை ‘வலியது வாழும்’ என்று கரும்பலகையில் எழுதாதீர்கள். ‘தக்கன பிழைத்தல்’ என்பதன் ஆங்கில மூலச் சொற்றொடரை 1864இல் உருவாக்கியவர் ஹேர்பேட் ஸ்பென்சர். டார்வின் பின்னர் எடுத்துக்கொண்டார். ‘தக்க’ என்பது அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் பொருந்தி, பெருகும் சந்ததியை விட்டுச்செல்வதைக் குறிக்கும். வலிமைக்கு அதில் தனி இடம் இல்லை.

பாடத்தை எங்கிருந்து தொடங்குவது நல்லது?

மனிதனிலிருந்து தொடங்கக் கூடாது. முதல் நாளே குரங்கின் படத்தை மாட்டினால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் சான்றைப் பார்க்க மாட்டார்கள். நுளம்பிலும் வயலிலும் தொடங்குங்கள், பிறகு காலத்தின் நீளம், பிறகு எலும்புகள், கடைசியில் மனிதன். 40 நிமிடப் பாடவேளைகள் ஆறு இருந்தால் முதல் இரண்டையும் நுளம்புக்கும் நெல்லுக்கும் கொடுங்கள்.

மலேரியாவை வன்னியில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இலங்கையில் டிடிடி என்ற பூச்சிகொல்லியைத் தெளித்ததில் மலேரியா வேகமாகக் குறைந்து, 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர்களே பதிவாகினர். 1968-69இல் அது பெருந்தொற்றாகத் திரும்பியது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். தெளிப்பு நிறுத்தப்பட்டதும் கண்காணிப்புத் தளர்ந்ததும் இதற்கான காரணங்கள். அதே காலத்தில், 1969இல், இங்கே மலேரியாவை முதன்மையாகப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பில் டிடிடி எதிர்ப்புத்திறன் கண்டறியப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் மலத்தியன் என்ற வேறொரு பூச்சிகொல்லிக்கு மாற வேண்டியதாயிற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

இங்கே பிள்ளைகள் தவறாமல் எழுதும் வசனம்: ‘நுளம்பு மருந்துக்குப் பழகிவிட்டது.’ இதைத் திருத்தாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். எந்தத் தனி நுளம்பும் பழகவில்லை. மருந்தைத் தாங்கும் மாறல் கொண்ட சில நுளம்புகள் தெளிப்பதற்கு முன்பே கூட்டத்தில் இருந்தன. மற்றவை செத்தன, இவை முட்டையிட்டன. சில வருடங்களில் கூட்டத்தில் பெரும்பாலானவை இவற்றின் வழிவந்தவையாயின. மாறியது குடித்தொகை, அதாவது ஓரிடத்தில் வாழும் அந்த இனத்தின் முழுக் கூட்டம். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையுள்ள கமக்காரருக்கும் மெல்லிய கையோடுதான் பிள்ளை பிறக்கிறது என்று சொன்னால், வாழ்நாளில் பெற்ற இயல்பு சந்ததிக்குப் போகும் என்ற லாமாக்கின் விளக்கம் ஏன் நிற்கவில்லை என்பதும் சேர்ந்து விளங்கும்.

வயலில் அறக்கொட்டியான் என்று சொல்லும் நெற்பூச்சியான கபிலத் தத்தியும் இதையே காட்டுகிறது. அதை எதிர்க்கும் ஐஆர் 26 நெல்லினத்தைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் வெளியிட்டது. இரண்டு மூன்று வருடங்களில் பிலிப்பைன்சில் தத்தி அதையும் தாக்கத் தொடங்கியது. தத்தியின் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஒரு காலபோகத்துக்குள் மூன்று தலைமுறை வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். தகப்பன் வயலுக்கு எண்ணெய் (பூச்சிமருந்து) அடிப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே பிடிபடும். இந்த இடத்தில் எந்தச் சமயத்துப் பிள்ளையும் எதிர்க் கேள்வி கேட்பதில்லை. இயற்கைத் தேர்வு இதுதான் என்ற பெயரை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் இயற்கைத் தேர்வைச் செய்து காட்ட முடியுமா?

முடியும். வேண்டியவை: ஒரே பருமனான சிவப்புக் கௌபியும் வெள்ளைக் கௌபியும் தலா 200 விதை, நான்கு தடி, கயிறு, கொப்பி.

செம்மண் தரையில் 2 மீற்றருக்கு 2 மீற்றர் சதுரம் அடையாளமிடுங்கள். 50 சிவப்பும் 50 வெள்ளையும் கலந்து தூவுங்கள். ஐந்து பிள்ளைகள் பறவைகள். ஒவ்வொருவரும் திரும்பி நின்று, சட்டென்று திரும்பி, முதலில் கண்ணில் பட்ட ஒரு விதையை எடுத்து, மறுபடி திரும்பி நிற்க வேண்டும். ஆளுக்கு 10 எடுத்ததும் நிறுத்துங்கள், 50 மிஞ்சும். எஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒரு விதை சேர்த்தால் அது அடுத்த தலைமுறை. செம்மண்ணில் 31 சிவப்பும் 19 வெள்ளையும் எஞ்சினால் அடுத்த தலைமுறை 62க்கு 38. மூன்று தலைமுறை செய்யுங்கள். பிறகு முழுவதையும் வெள்ளை மணலில் மீண்டும் செய்யுங்கள். இந்த இரண்டாம் பகுதியை நேரமில்லை என்று விடக் கூடாது. நிறம் அதேதான், இடம் மட்டும் மாறியது, வெற்றியும் மாறியது என்பதை அங்கேதான் பிள்ளை காண்கிறது.

பிழைக்கும் இடங்கள் சில உண்டு. பொடிமண்ணில் விதை மிதிபட்டுப் புதைந்தால் கணக்கு உதைக்கும்; முதல் நாள் தண்ணீர் தெளித்துத் தரையை இறுக்கிவையுங்கள். நோக்கம் தெரிந்த பிள்ளைகள் வேண்டுமென்றே வெள்ளையைப் பொறுக்குவார்கள்; ஆகவே விளக்கத்தைக் கடைசியில் சொல்லுங்கள். 20 விதையோடு செய்தால் தற்செயலே முடிவைத் தீர்மானித்துவிடும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் செய்து, தேர்வு இல்லாத மாற்றம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டால் பாடம் இன்னும் நிறையும்.

மனிதன் குரங்கிலிருந்து வந்தானா? அப்படியென்றால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?

நீங்களும் உங்கள் மச்சாளும் ஒரே அம்மம்மாவின் பேரப்பிள்ளைகள். நீங்கள் மச்சாளிலிருந்து பிறக்கவில்லை; நீங்கள் பிறந்ததால் மச்சாள் இல்லாமற் போகவும் இல்லை. வன்னிக் காட்டு மந்திக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது, மிகத் தூரத்து உறவு. மனிதனுக்கு மிக நெருங்கிய சிம்பன்சியின் வழியும் நம் வழியும் பிரிந்து ஏறக்குறைய 60 - 70 இலட்சம் வருடங்கள். பொது மூதாதை இன்றைய மந்தியுமல்ல, இன்றைய சிம்பன்சியுமல்ல. முதுகு வளைந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாக நடக்கும் அந்தப் பிரபலமான படத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள். கிளைவிட்ட மரத்தை வரையுங்கள்.

நம் பக்கத்து விலங்குகளில் காட்டக்கூடிய சான்று உண்டா?

உண்டு. வன்னிக் காட்டு யானைக்கு இன்று கடலில் வாழும் மிக நெருங்கிய உறவு மன்னார்க் கடலின் ஆவுளியா (கடற்பசு). இரண்டிலும் பெண்ணின் முலைகள் முன்காலருகே மார்பில் இருக்கின்றன. இரண்டிலும் தந்தம் வெட்டும் பல்லின் நீட்சி. ஆவுளியாவின் துடுப்புக்குள் மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, மணிக்கட்டு, ஐந்து விரல் என்று நம் கையின் ஒழுங்கே இருக்கிறது. நீந்துவதற்கு மட்டும் புதிதாகச் செய்த உறுப்பானால் விரல் எலும்பு அதற்குத் தேவையில்லை. ஆவுளியா சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது; எலும்பு தேடிப் போகாமல் படத்தோடு நிறுத்துங்கள்.

கையில் எடுத்துக் காட்டக் கோழிச் சிறகு போதும். முதிர்ந்த ஊர்க்கோழியின் சிறகாக இருக்கட்டும். ஐந்து ஆறு வாரத்துப் புறொயிலரில் எலும்பு முனைகள் இன்னும் கசியிழையமாக இருப்பதால் வேகவைத்ததும் கழன்றுவிடும். மெல்லிய சூட்டில், சதை கழலும் வரை மட்டும் அவித்து, சவர்க்காரத்தூள் கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் துடைத்து, கழற்றிய ஒழுங்கிலேயே மட்டையில் ஒட்டுங்கள். மணிக்கட்டின் சிறு எலும்புகள் கழுவும் நீரோடு போய்விடும், வடிதட்டில் கழுவுங்கள். சைவப் பிள்ளைகள் பலர் வெள்ளிக்கிழமை மச்சம் தொட மாட்டார்கள். வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் விரதமிருக்கும் வீடுகளும் உண்டு. நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தொட விரும்பாத பிள்ளை படத்தில் வரையட்டும்; அதற்குப் புள்ளி குறைக்கக் கூடாது.

‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று மாணிக்கவாசகர் அன்றே சொல்லிவிட்டாரே. அதைக் கூர்ப்பு என்று சொல்லிக் கற்பிக்கலாமா?

நல்ல மனதோடு பல ஆசிரியர்கள் இப்படிச் செய்கிறார்கள். செய்ய வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. சிவபுராணத்துக்கும் அது நியாயமாகாது, உயிரியலுக்கும் ஆகாது.

பாட்டை முழுவதும் பாருங்கள். பறவைக்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல், பிறகு மனிதர், பேய், கணங்கள், அசுரர், முனிவர், தேவர். உயிரினங்கள் தோன்றிய வரிசை என்று இதை எடுத்தால் பாட்டுப் பிழையாகிவிடும். அப்படி எடுக்கச் சொல்லி அடிகள் பாடவில்லை. ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்’ என்று, பிறவிகளில் உழன்று களைத்த ஓர் உயிரின் முறையீடாகப் பாடுகிறார். அங்கே ஓர் ஆன்மா உடல் விட்டு உடல் மாறுகிறது. கூர்ப்பிலோ மாறுவது ஒரு குடித்தொகை. தனி உயிர் எதுவும் இன்னொன்றாக மாறுவதில்லை. அங்கே பயணத்துக்கு முடிவு உண்டு, அது வீடுபேறு. கூர்ப்புக்கு இலக்கு எதுவும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் பரீட்சையில் விடை பிழைக்கும். நாளை விஞ்ஞான விளக்கம் திருத்தப்பட்டால் திருவாசகத்தையும் திருத்துவதா என்ற கேள்வியும் வரும்.

தசாவதாரத்தை மீன், ஆமை, பன்றி என்று அடுக்கிக் காட்டுவதற்கும் இதே விடைதான்.

அதேநேரம், சைவ சித்தாந்தம் கற்ற பிள்ளைக்குக் கூர்ப்பால் பெரிய இடர் வராது என்பதைச் சொல்லலாம். சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி, தொடக்கமற்றவை. உயிர் படைக்கப்பட்டதல்ல, உடலே மாயையிலிருந்து வருவது. அந்த உடல்கள் மண்ணில் எந்த வழியாக உருவெடுத்தன என்பதை ஆராய்வது அந்த அடிப்படையைத் தொடுவதில்லை.

தமிழ் நூல் ஒன்றைப் பாடத்தில் சேர்க்க ஆசையென்றால் தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதியை எடுங்கள். புல்லும் மரமும் ஓரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு என்று புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களைப் பிரித்தது அது. பாகுபாடு பற்றிய பாடத்தில், பழைய செயற்கைப் பாகுபாட்டுக்கு அருமையான உதாரணம். கூர்ப்பாக மட்டும் காட்டாதீர்கள்.

வேதாகமம் ஆறு நாளில் படைத்ததாகச் சொல்கிறது. கிறிஸ்தவப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

கிறிஸ்தவர் எல்லோருக்கும் ஒரே நிலைப்பாடு இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில், மனித உடல் முன்பிருந்த உயிரிலிருந்து வந்ததா என்று ஆராய்வதற்குத் தடையில்லை, ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1950இல் எழுதினார். கூர்ப்பு ஒரு கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கூறினார். மடு மாதா கோயிலுக்கு யாத்திரை போகும் பிள்ளை இந்தப் பாடத்துக்கு அஞ்சத் தேவையில்லை.

சில சபைகள் ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து எடுக்கின்றன. அங்கே முரண் உண்மையானது. இல்லை என்று பூசி மெழுகக் கூடாது. அந்தப் பிள்ளையிடம் சொல்லக்கூடியது: ‘இது விஞ்ஞானிகள் சான்றிலிருந்து வந்தடைந்த விளக்கம். அதையும் அதன் சான்றுகளையும் நீ விளங்கிக்கொள்ள வேண்டும். உன் விசுவாசத்தோடு அதை எப்படி வைத்துப் பார்ப்பது என்பதை உன் வீட்டாரோடும் போதகரோடும் பேசு.’ போதகரையோ சபையையோ வகுப்பில் குறைத்துப் பேசினால் அன்றோடு அந்தப் பிள்ளை காதை மூடிவிடும். ஆதியாகமத்துக்கு விரிவான உரை எழுதிய புனித அகுஸ்தீனார், விண்ணையும் மண்ணையும் பற்றி அறிந்தோர் முன் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பெயரால் பிழையாகப் பேசினால் வேதத்துக்கே இழுக்கு என்று 5ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். இதைச் சொல்ல வேண்டிய இடம் கிறிஸ்தவ பாடவேளை.

இஸ்லாம்?

பாப்பரசரைப் போல எல்லோருக்குமாக ஒரே குரலில் பேசும் பதவி இஸ்லாத்தில் இல்லை. ஆதம் நபியைத் தனிப் படைப்பாகக் கொள்வதில் பெரும்பாலான உலமாக்கள் உறுதியாக இருக்கிறார்கள். தாவரங்களும் விலங்குகளும் மாறிவந்தன என்பதை ஏற்பதில் தடை காணாதவர்களும் அவர்களுள் உண்டு. நுளம்பும் நெல்லும் முதலில், மனிதன் கடைசியில் என்ற ஒழுங்கு இங்கேயும் கைகொடுக்கும்.

இரண்டு பக்கத்தையும் கற்பித்தால் நியாயமாக இருக்குமே?

வகுப்பைச் சுற்றிப் பாருங்கள். படைப்பு என்றால் எந்தப் படைப்பு? சைவத்தின் ஐந்தொழிலா, ஆதியாகமமா, குர்ஆனா? ஒன்றைத் தெரிந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம். எல்லாவற்றையும் எடுத்தால் அது சமய பாடம், அதற்குத் தனிப் பாடவேளை ஏற்கனவே உண்டு. இலங்கையில் சாதாரண தரம் வரை ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைக் கட்டாயமாகப் படிக்கிறது. அவதானத்தால் பிழையென்று காட்டக்கூடிய கூற்றுக்கே விஞ்ஞான பாடத்தில் இடம். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1987இல், கூர்ப்போடு படைப்புவாதத்தையும் கற்பிக்கக் கட்டாயப்படுத்திய சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. அது அவர்களின் அரசியலமைப்புப்படி வந்த தீர்ப்பு, இங்கே சட்டமாகாது. வன்னி வகுப்பறைக்கு அந்தத் தீர்ப்பும் தேவையில்லை. நான்கு சமயப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே போதிய காரணம்.

கோடிக்கணக்கான வருடங்களைப் பிள்ளையின் மனதில் எப்படிப் பதிப்பது?

46 மீற்றர் நைலோன் கயிறு எடுங்கள். பூமியின் வயது 460 கோடி வருடம். 1 மீற்றர் 10 கோடி, 1 சென்ரிமீற்றர் 10 இலட்சம். ஒரு முனை இன்று. அங்கிருந்து 35 மீற்றரில் மிகப் பழைய உயிர்களின் தடயங்கள். 5.4 மீற்றரில் கடல் விலங்குகள் பலவகையாகப் பெருகிய கேம்பிரியன் தொடக்கம். 66 சென்ரிமீற்றரில் டைனோசர்கள் அழிந்தன. நம் இனம் 3 மில்லிமீற்றர். தொல்காப்பியம் முதல் இன்று வரையான காலம் ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. தும்புக் கயிறு இழுபட்டு நீளும், அளவு கெடும். காலடியால் அளக்காமல் அளவுநாடாவால் அளந்து துணித்துண்டு கட்டுங்கள்.

வயதை எப்படிக் கண்டார்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். ‘காபன் 14’ என்று சொல்லிவிடாதீர்கள். அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், 5,730 வருடம்; ஏறக்குறைய 50,000 வருடத்துக்கு மேல் உதவாது. பழைய பாறைகளுக்கு யுரேனியம் 238 போன்றவை. அதன் அரைவாழ்வு 447 கோடி வருடம்.

வன்னியில் உயிர்ச்சுவடுகள் ஏன் கிடைப்பதில்லை?

வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது, புவியியலாளர் வன்னித் தொகுதி என்றே பெயரிட்ட, கேம்பிரியனுக்கு முந்திய உருமாறிய பாறை. ஏறக்குறைய 55 கோடி வருடங்களுக்கு முன் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மறுபடி பளிங்காகியது. அதில் சுவடு எதுவும் தப்பியிருக்க முடியாது. வடக்கே யாழ்ப்பாணச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது, 2.3 கோடிக்கும் 53 இலட்சத்துக்கும் இடைப்பட்ட வருடங்கள். அந்தக் கல்லின் உடைந்த முகத்தைக் கைவில்லையால் பார்த்தால் சிப்பி அச்சுகள் தெரியும். பழைய கட்டட இடிபாட்டுத் துண்டு ஒன்றே வகுப்புக்குப் போதும். கரையோரத்தில் பொறுக்கும் அண்மைக்காலப் பவளக்கல்லோடு மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

‘ரீச்சர், நீங்கள் இதை நம்புறீங்களா?’ என்று பிள்ளை கேட்டால்?

‘நம்புதல்’ என்ற சொல்லை மெதுவாக மாற்றுங்கள். ‘சான்று இருக்கிறதால ஏற்கிறன். சான்று மாறினால் திருத்துவன்.’ அதோடு நிறுத்தலாம். உங்கள் சமயம் பற்றிய கேள்விக்கு வகுப்பில் விடை சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. விடை தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, அடுத்த நாள் தேடிக்கொண்டு வாருங்கள்.

பிரச்சினை வேண்டாம் என்று இந்த அலகை விட்டுவிட்டால்?

புள்ளி இழப்பது ஒன்று. அதைவிடப் பெரிய இழப்பு, பாகுபாடும் தலைமுறையுரிமையும் நோயியலும் தொடர்பற்ற மனனமாகிவிடுவது. நாளை வைத்தியராகப் போகும் பிள்ளைக்கு நுண்ணுயிர்கொல்லியை ஏன் இடையில் நிறுத்தக் கூடாது என்பது விளங்காது. விவசாயப் போதனாசிரியராகப் போகும் பிள்ளைக்கு ஒரே மருந்தை ஏன் போகத்துக்குப் போகம் அடிக்கக் கூடாது என்பது விளங்காது.

என் பிள்ளை இதை ஏற்கவில்லை. பரீட்சையில் எழுதினால் பொய் சொன்னதாகுமா?

ஆகாது. வினாத்தாள் கேட்பது விளக்கத்தை அறிந்திருக்கிறாயா என்பதை. ‘டார்வின் - வலஸ் கொள்கையின்படி’ என்று தொடங்கி எழுதலாம். அது நேர்மையான தொடக்கம். மிகை உற்பத்தி, மாறல், வாழ்க்கைப் போராட்டம், இயற்கைத் தேர்வு, சாதகமான இயல்புகள் சந்ததிக்குக் கடத்தப்படல் என்ற படிகளை ஒழுங்காக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் கொடுக்கச் சொல்லுங்கள். ‘பழகியது’, ‘தேவைப்பட்டதால் மாறியது’ என்ற சொற்கள் விடையில் வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதட்டும்.